பார்வையற்ற இரசிகர்களுக்கு நாடக மேடையைத் திறந்துவிட

கோலாலம்பூரில் தமிழ் நாடகம் மேடையேற்றுவோர், மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்தே பார்வையற்ற இரசிகர்கள் வரக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு, நாடகம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே அவர்களை மேடைக்கு அழைத்துச் செல்லலாம். ஊஞ்சலுக்கும் வாசற்படிக்கும் எவ்வளவு தொலைவு என்பதை அவர்களே நடந்து அறியட்டும். அரசியின் சேலைச் சரிகையையும் தளபதியின் அட்டைக் கத்தியையும் தொட்டுப் பார்க்கட்டும். நடிகர் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் பெயரை அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யார் பேசுகிறார் என்ற குழப்பம் இராது. இதற்குச் செலவும் இல்லை.

மேடையில் நடப்பதைப் பார்வையற்றோருக்கு உடனுக்குடன் சொல்லும் நேரடிக் காட்சி வருணனை, 1981-இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் தொடங்கப்பட்ட முறை. வருணனையாளர் தனியிடத்தில் அமர்ந்து ஒலிவாங்கியில் பேசுவதை, சுற்றுலா வழிகாட்டிகள் பயன்படுத்துவது போன்ற சிறு கருவி வழியாக இரசிகர் ஒரு காதில் கேட்பார். மறு காது மேடைக்கு. வசனங்களுக்கு இடைப்பட்ட மௌனத்தில் மட்டுமே வருணனையாளர் பேச வேண்டும் என்பதால், முழு ஒத்திகை ஒன்றையாவது முன்கூட்டியே பார்த்திருப்பது அவசியம். ‘அவள் கோபமாக இருக்கிறாள்’ என்று அவராகவே தீர்ப்புச் சொல்லாமல், ‘தாலியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறாள்’ என்றால் போதும்.