நிறத்தைப் பிறகு பார்க்கலாம்: நிறுவன இணையதளத்தையும் உள்மென்பொருளையும் எளிமையாக்கும் முறை

ஒரு நிறுவனம் தன் இணையதளத்தையோ, ஊழியர்கள் பயன்படுத்தும் மென்பொருளையோ புதுப்பிக்கத் தீர்மானித்ததும், முதல் கூட்டத்திலேயே நிறம், எழுத்துரு, முகப்புப் படம் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சைச் சில வாரங்கள் தள்ளிவைப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 9241-11 தரநிலை பயன்பாட்டு எளிமையை மூன்று கோணங்களில் வரையறுக்கிறது: பயனரால் தம் வேலையைச் சரியாக முடிக்க முடிகிறதா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாகின்றன, அவருக்கு மனநிறைவு இருக்கிறதா. இவற்றுள் எதுவும் கூட்ட அறையில் தெரியவராது.

ஆகவே, வேலை செய்பவரின் பக்கத்தில் ஒரு முற்பகல் முழுவதும் உட்காருங்கள். இடையில் விளக்கம் சொல்லாமல் அவருடைய கைகளைக் கவனியுங்கள். நான் அப்படி உட்கார்ந்த ஓர் அலுவலகத்தில், பில் பதிவு செய்யும் பெண்மணி ஒவ்வொரு பில்லின் எண்ணையும் தொகையையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். சரக்கு அனுப்பியவரின் குறியீட்டைத் தேட வேறு திரைக்குப் போய்த் திரும்பினால், அதுவரை நிரப்பியதெல்லாம் அழிந்துவிடும் என்பதே காரணம். பல ஆண்டுகளாகப் பழகிப்போனதால் அவர் அதைப் புகாராகச் சொன்னதே இல்லை. கருத்துக் கேட்பு படிவம் அனுப்பியிருந்தாலும் அது எழுதப்பட்டிருக்காது. தேடலை அதே படிவத்தின் மேலேயே திறக்கச் செய்ததும் அந்தத் தாள் தேவைப்படவில்லை. துண்டுச்சீட்டு, தனியாக வைத்திருக்கும் எக்செல் கோப்பு, பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஆகியவை தென்படும் இடமெல்லாம் மென்பொருள் தவறிய இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதிகம் நடைபெறும் பத்துப் பணிகளைத் தேர்ந்தெடுத்து, பழைய அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தையும் நேரும் பிழைகளையும் அளந்து வையுங்கள். இதைத் தவறவிட்டால், புதியது மேம்பட்டதா என்பதைப் பின்னர் நிரூபிக்க வழியே இருக்காது. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட பயன்பாட்டு மதிப்பீட்டு முறையையும் (System Usability Scale) சேர்த்துக்கொள்ளலாம். அதன் மதிப்பெண் 0 முதல் 100 வரை அமையும்; அது சதவீதம் அன்று, 68 என்பதே சராசரியாகக் கொள்ளப்படுகிறது.

இணையதளத்தைப் பொறுத்தவரை, தேடல் பெட்டியில் மக்கள் தட்டிய சொற்களும், தொலைபேசியில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் மெனு எப்படி அமைய வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். மெனுவில் துறைகளின் பெயர்கள் வேண்டாம். வருபவர் எந்தச் சொல்லை மனத்தில் வைத்துத் தேடுகிறாரோ அந்தச் சொல்லையே இடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்த வழிசெய்யும், உலகளவில் ஏற்கப்பட்ட அணுகல்தன்மை நெறி. வெளிர் சாம்பல் எழுத்துகளை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எப்போதும் மறுக்கிறேன். பக்கங்களின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றத்தை (301) அமைக்க மறக்கக் கூடாது.

உள்மென்பொருளின் இயல்பு வேறு. இணையதளத்துக்கு ஒருவர் ஆண்டில் இருமுறை வரலாம். பில் திரையை ஓர் ஊழியர் ஒரே நாளில் இருநூறு முறை திறக்கலாம். எனவே, அழகுக்காக ஒரு திரையை ஐந்து படிகளாகப் பிரிப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. தகவல் நெருக்கமாக இருக்கட்டும். டேப் விசை, தாளில் விவரங்கள் இருக்கும் வரிசையிலேயே கட்டங்களைக் கடந்து செல்லட்டும். கை பழகிய குறுக்குவிசைகளை மாற்றாதீர்கள். பிழைச் செய்தி “தவறான உள்ளீடு” என்று நின்றுவிடாமல், “பில் தேதி இன்றைய தேதிக்குப் பிந்தையதாக உள்ளது, தேதியைச் சரிபார்க்கவும்” என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே தோன்ற வேண்டும். பதில் வர ஒரு நொடிக்கு மேல் ஆனால் பயனரின் எண்ண ஓட்டம் தடைப்படும். பத்து நொடியைத் தாண்டினால் அவர் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

நிரல் எழுதும் முன்பே, தாளில் வரைந்த திரைகளைக் கொண்டு சோதியுங்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் வெளிப்படும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின் வழியே வந்த மதிப்பீடு. எல்லாத் திட்டங்களுக்கும் அது அப்படியே பொருந்தாது; கணக்குப் பிரிவும் கிடங்கும் வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துமானால் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே ஆட்கள் வேண்டும். சோதனையில் பங்கேற்பவர் தடுமாறினால் உதவ வேண்டும் என்று தோன்றும். பொறுத்திருங்கள், அந்தத் தடுமாற்றத்தைக் காண்பதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அனைத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு பிரிவில் தொடங்குங்கள். மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பழைய திரைக்குத் திரும்பும் வழியைச் சில வாரங்கள் திறந்து வைத்து, அது மூடப்படும் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். முதல் வாரத்தில் வேலை மெதுவாகும் என்பதால், அந்த அளவீட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே பத்துப் பணிகளை மீண்டும் அளந்து, எந்தப் பணியில் நேரம் குறையவில்லையோ அந்தப் பணியைச் செய்பவரின் பக்கத்தில் மறுபடியும் போய் உட்காருங்கள்.