பைத்தான் பயிலரங்குக்கு முன் கணினியையும் கணக்குகளையும் ஆயத்தப்படுத்துதல்

பைத்தான் நிரல்மொழியையும், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) என்ற கருவியையும் கற்பிக்கும் இணையவழிப் பயிலரங்கில் சேர்ந்திருப்பவர்கள், மென்பொருள் நிறுவும் வேலையை இரண்டு நாட்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வகுப்பு தொடங்கியபின் ஒவ்வொருவரின் கணினியையும் தொலைவிலிருந்து சரிசெய்வது பயிற்றுநருக்கு மிகக் கடினம்.

விண்டோஸ் கணினியில் பைத்தானை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவும்போது, முதல் திரையின் அடியில் பாத் (PATH) பட்டியலில், அதாவது கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்க்கவா என்று கேட்கும் சிறு கட்டம் இருந்தால் அதைத் தவறாமல் தேர்வு செய்யுங்கள். அதை விட்டுவிட்டால், கட்டளைச் சாளரத்தில் பைத்தான் என்று ஆங்கிலத்தில் தட்டும்போது, மென்பொருள் இயங்குவதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளக்கூடும். நிறுவியபின் புதிய சாளரத்தில் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். முன்பே திறந்திருந்த சாளரம் இந்த மாற்றத்தை அறியாது.

கிட்டில் பதிந்த கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் கணக்குக்குக் கூடுதல் கவனம் தேவை. 2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளை வரியிலிருந்து கோப்புகளை அனுப்பக் கடவுச்சொல்லை அத்தளம் ஏற்பதில்லை என்பதால், கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் அணுகல் டோக்கன் என்ற ரகசியக் குறியீட்டையோ, உங்கள் கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் (SSH) சாவிக் கோப்புகளையோ முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ளுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் கைபேசி தொலைந்தால் கணக்குக்குள் நுழைய அவை உதவும். கிட்டில் நீங்கள் பதியும் மின்னஞ்சல் ஒவ்வொரு கமிட்டிலும் (சேமிக்கும் மாற்றப் பதிவிலும்) இடம்பெற்று, பொதுக் களஞ்சியங்கள் எனப்படும் திறந்த கோப்புத் தொகுப்புகளில் எவர் கண்ணிலும் படும்; அதை விரும்பாதவர்கள் கிட்ஹப் வழங்கும் மாற்று முகவரியைப் பயன்படுத்தலாம்.

ஜூமின் சோதனைக் கூட்டத்தில் ஒலிவாங்கியையும் ஒருமுறை சரிபாருங்கள்.