சைரன்களை இலக்கியத்தில் தடம் பிடித்துப் படிப்பது எப்படி? (தொடக்கநிலை வாசகர்களுக்கு)

சைரன் (பாட்டால் மாலுமிகளை அழிவுக்கு இழுக்கும் கிரேக்கப் புராணப் பெண்) என்றதும் பாறைமேல் உட்கார்ந்து கூந்தல் சீவும் மீன்வால் அழகி நினைவுக்கு வருகிறாளா? படிக்கத் தொடங்கும் முன் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். ஒடிசி காவியத்தைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரிடம் வாலும் இல்லை, சீப்பும் இல்லை. 'அழகிய' என்ற அடைமொழி அவர்களுடைய குரலுக்கு வருகிறதே தவிர உடலுக்கு வரவில்லை. தமிழில் பலரும் 'கடற்கன்னி' என்று எழுதிவிடுவதால் குழப்பம் முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறிப்பெடுக்கும்போது சைரன் என்றே எழுதுங்கள். கடற்கன்னி என்ற சொல் மீன்வால் உள்ளவளுக்கு மட்டும் இருக்கட்டும்.

படி 1: நோட்டில் ஐந்து கட்டங்கள்

ஒரு பக்கத்தை ஐந்தாகப் பிரியுங்கள். எத்தனை பேர்? உடல் எப்படி? கேட்பவருக்கு என்ன தருவதாகச் சொல்கிறார்கள்? அவர் எப்படித் தப்புகிறார்? கடைசியில் சைரன்கள் என்ன ஆகிறார்கள்? ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை. மூன்றாவது கட்டத்தை மற்றவற்றைவிட இருமடங்கு அகலமாக விடுங்கள். முக்கியமான செய்தியெல்லாம் அங்கேதான் சேரும்.

வரி எண் போட்ட பதிப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். உரைநடைச் சுருக்கங்கள் இதற்கு உதவாது, ஏனென்றால் சுருக்குபவர் முதலில் வெட்டுவதே சைரன்கள் பாடும் பாட்டைத்தான். கிரேக்கம் தெரியாவிட்டாலும் பெர்சியஸ் மின்னூலகத்தில் மூலத்தைத் திறந்து, சொல்லைச் சொடுக்கிப் பொருள் பார்க்கலாம். இலவசம்.

படி 2: ஒடிசி, 12ஆம் காண்டம்

இந்தப் படியில் அவசரம் கூடாது. இரண்டு இடங்களைப் படிக்க வேண்டும்: டிராய்ப் போர் முடிந்து கடல்வழியே வீடு திரும்பும் ஒடிசியஸைச் சூனியக்காரி கிர்க்கே எச்சரிக்கும் 39 முதல் 54 வரையான வரிகள், அவன் கப்பல் சைரன்களின் தீவைக் கடக்கும் 158 முதல் 200 வரையான வரிகள். இரண்டாவதை மட்டும் படித்துவிட்டு நகர்வதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 49ஆம் வரியில் கிர்க்கே, 'நீ கேட்க விரும்பினால் கேள்' என்கிறாள். 160ஆம் வரியில் ஒடிசியஸ் தன் ஆட்களிடம், 'நான் மட்டும் கேட்க வேண்டும் என்று அவள் சொன்னாள்' என்கிறான். அனுமதி கட்டளையாக மாறிவிட்டது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுவதும் ஒடிசியஸ் விருந்து மண்டபத்தில் தன் வாயால் சொல்வது. பாட்டுக் கேட்காதபடி துடுப்புப் போட்டவர்கள் காதில் மெழுகு இருந்தது, அவன் மட்டும் பாய்மரத்தில் கட்டுண்டபடி கேட்டான். பாட்டுக்கு அவன் ஒருவனே சாட்சி.

இப்போது எண்ணிக்கை. கிரேக்கத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஓர் எண் உண்டு. 52ஆம் வரியிலும் 167ஆம் வரியிலும் ஹோமர் அதைக் கையாள்கிறார், ஆகவே சைரன்கள் இருவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருமை இல்லாததால் மொழிபெயர்ப்பில் இந்தச் செய்தி சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். முதல் கட்டத்தில் 2 என்று எழுதுங்கள். உடல் கட்டம் காலி. புல்வெளியில் அமர்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் அழுகும் மனிதர்களின் எலும்புக் குவியல். அவ்வளவுதான் ஹோமர் காட்டுவது.

பாட்டு எட்டே வரி, 184 முதல் 191 வரை. அதை வாய்விட்டுப் படியுங்கள். காதல் அழைப்பு எங்காவது இருக்கிறதா? முதலில் அவன் பெயரைச் சொல்லிப் புகழ்கிறார்கள். கேட்டவன் இன்புற்று, முன்னைவிட அதிகம் அறிந்தவனாகப் போவான் என்கிறார்கள். டிராயில் நடந்த துன்பங்கள் எல்லாம் எங்களுக்குத் தெரியும், பூமியில் நடப்பது எல்லாம் தெரியும் என்கிறார்கள். போரில் பத்தாண்டும் அலைச்சலில் சில ஆண்டுகளும் கழித்தவனுக்கு, அவன் கதையையே அவனுக்குப் பாடித் தருவதாக ஆசை காட்டுகிறார்கள். 8ஆம் காண்டத்தில் ஒரு பாணர் டிராய்ப் போரைப் பாடும்போது ஒடிசியஸ் அழுகிற இடத்தையும் சேர்த்துப் படித்தால், இந்தத் தூண்டில் எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். மூன்றாவது கட்டத்தில் 'அறிவு, புகழ்' என்று எழுதுங்கள்.

ஒரு சொல்லில் பலர் சறுக்குவார்கள். 187ஆம் வரியில் குரல் வருவது 'வாய்களிலிருந்து'. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில இதை 'உதடுகள்' என்று ஆக்கியிருக்கின்றன. மூலத்தில் இல்லாத சிற்றின்பச் சாயல் அந்த ஒரு சொல்லால் ஏறிவிடுகிறது. உங்கள் பதிப்பில் உதடு இருந்தால் பென்சிலால் வாய் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

படி 3: சிறகு முளைக்கும் இடம்

தங்கக் கம்பளி தேடிப் போன அர்கோ கப்பலின் பயணம், கதைப்படி டிராய்ப் போருக்கு முந்தியது. ஆனால் அதைப் பாடிய அப்போலோனியஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர், ஹோமருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். கதையின் காலப்படி அடுக்கினால் சிறகுதான் ஹோமருக்கும் மூத்தது என்று தலைகீழாக முடியும். நூல் எழுதிய காலப்படியே அடுக்குங்கள்.

அவருடைய அர்கோனாட்டிகா 4ஆம் காண்டத்தில் சைரன்கள் பாதி பறவை, பாதி கன்னி. கப்பலில் இருந்த பாடகன் ஆர்ஃபியஸ் யாழை மீட்டி அவர்கள் பாட்டை அமுக்கிவிடுகிறான். பூட்டிஸ் என்ற ஒருவன் மட்டும் கடலில் குதிக்கிறான். அவனைக் காதல் தெய்வம் அப்ரோடைட்டி காப்பாற்றுகிறாள். பாட்டில் என்ன இருந்தது என்று அப்போலோனியஸ் சொல்வதே இல்லை. மூன்றாவது கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், ஹோமரிடமிருந்து கடன் வாங்கி நிரப்பாதீர்கள்.

சிறகு ஏன் வந்தது என்பதில் இரண்டு நூல்கள் முட்டிக்கொள்கின்றன. ரோமக் கவிஞர் ஓவிட்டின் மெட்டமார்ஃபோசஸ் 5ஆம் காண்டத்தில், தூக்கிச் செல்லப்பட்ட தோழி புரோசெர்பினாவைக் கடல் மேலும் தேடுவதற்காக அவர்களே கேட்டுப் பெற்ற வரம் அது. ஹைஜினஸ் தொகுத்த கதையில், தோழியைக் காக்கத் தவறியதற்கு அவள் தாய் கொடுத்த தண்டனை. ஓவிட் அவர்களைக் 'கற்றறிந்த சைரன்கள்' என்று விளிப்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ரோமச் சிந்தனையாளர் சிசெரோவும் அதே பக்கம்தான்: வெறும் பாட்டுக்கு அவ்வளவு பெரிய வீரன் சிக்கினான் என்றால் கதை நிற்காது, அறிவைத்தான் அவர்கள் வாக்களித்தார்கள் என்கிறார். ஹோமரை இவ்வளவு நெருக்கமாகப் படித்த உரைகாரர் கிடைப்பது அரிது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஜாடி ஒன்றில் பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிசியஸும் மூன்று பறவைச் சைரன்களும் இருக்கிறார்கள். ஒருத்தி தலைகீழாகக் கடலை நோக்கி விழுகிறாள். ஐந்தாவது கட்டத்துக்கு இது உதவும். ஹோமரில் அவர்கள் சாவதில்லை.

படி 4: சிறகு போய் வால் வருவது

இதை வேகமாகக் கடக்கலாம். 7ஆம் நூற்றாண்டின் கிறித்தவ ஆயர் இசிடோர் இன்னும் சிறகோடுதான் எழுதுகிறார், ஆனால் உண்மையில் அவர்கள் பயணிகளை ஓட்டாண்டியாக்கிய விலைமகளிர் என்று விளக்கம் தருகிறார். ஏறத்தாழ அதே காலத்து லத்தீன் நூலான லிபர் மான்ஸ்ட்ரோரமில் மீன்வால் வந்துவிடுகிறது. அறிவு வாக்களித்தவர்கள் உடலை விற்பவர்களாக ஆகிவிட்டதை இங்கே பார்க்கலாம். பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இன்றும் சைரனுக்கும் கடற்கன்னிக்கும் ஒரே சொல்.

நின்று படிக்க வேண்டியது இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் புர்கதோரியோ, 19ஆம் பாடல். கனவில் வருபவள் திக்குவாய், மாறுகண், கோணல் கால். பார்ப்பவனின் பார்வை படப்படத்தான் அவளுக்கு நிறமும் குரலும் கூடுகின்றன. அழகு பார்ப்பவன் போட்டது. யுலிசிஸை (ஒடிசியஸின் லத்தீன் பெயர்) திசை திருப்பியது நானே என்கிறாள். ஹோமரில் அப்படி நடக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். தாந்தேக்கு ஹோமரைப் படிக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

படி 5: நவீனர்கள்

காஃப்கா 1917இல் எழுதிய சிறு குறிப்பில் யுலிசிஸ் தன் காதிலேயே மெழுகு வைத்துக்கொள்கிறான். சைரன்களோ பாட்டைவிடக் கொடிய ஆயுதமான மௌனத்தை எடுக்கிறார்கள். ஹோமரை முடிக்காமல் இதைத் தொட்டால் மாற்றம் எது, மூலம் எது என்று பிடிபடாது.

ஜாய்ஸின் யுலிசிஸ் (1922) நாவலில் சைரன்கள் அத்தியாயம் துண்டுத் துண்டான வாசகங்களோடு தொடங்கும். அச்சுப்பிழையோ என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பின்னால் வரப்போகும் ஒலிகளின் முன்னோட்டம் அது. வேகமாக ஒருமுறை ஓட்டி, அத்தியாயத்தை முடித்து, திரும்ப வந்து படியுங்கள். சைரன்கள் இங்கே டப்ளின் ஹோட்டல் மதுக்கூடத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். மறுபடியும் எண்ணிக்கை 2.

மார்கரெட் ஆட்வுட்டின் 1974ஆம் ஆண்டுக் கவிதையில் சைரனே பேசுகிறாள். பறவை வேடம் சலித்துவிட்டது, காப்பாற்று, உன்னால் மட்டும்தான் முடியும் என்கிறாள். அந்த 'உன்னால் மட்டும்' என்பதுதான் பாட்டு. மூன்றாவது கட்டத்தில் இதை ஹோமரின் 184ஆம் வரிக்கு நேரே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: பிளேட்டோவை எந்த வரிசையில் போடுவது என்று பலர் கேட்டார்கள். குடியரசு 10ஆம் நூலில் எட்டுச் சைரன்கள் விண்சக்கரங்கள் மேல் நின்று ஆளுக்கு ஒரு சுரம் பாடுகிறார்கள், எட்டும் சேர்ந்து ஒரே இசை. யாரையும் அழைப்பதில்லை, யாரும் சாவதில்லை. ஹோமருக்கும் அப்போலோனியஸுக்கும் இடையில் ஒரு வரிசை ஒதுக்கி, முதல் கட்டத்தில் 8 என்று எழுதி, மூன்றாவதிலும் நான்காவதிலும் கோடு போடுங்கள்.