முள் அசையவில்லையென்றால் நிம்மதிப்படாதீர்கள்

திருச்சிப் பக்கம் பாய்லர் வெல்டிங்கில் உள்ளே குறை இருக்கிறதா என்று ரேடியோகிராபி, அதாவது கதிர்வீச்சுப் படம் எடுக்கும் கம்பெனியில் ஆர்.எஸ்.ஓ.வாக, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக அந்த நாற்காலியில் உட்காரும் தம்பி தங்கைகளுக்கு இது.

கேமரா என்று நாம் கூப்பிடும் பெட்டிக்குள் இருப்பது இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். சோர்ஸ் என்போம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சுற்றிக் கவசமாக இருப்பது பெரும்பாலும் டிப்ளீட்டட் யுரேனியம், அதாவது செறிவு நீக்கிய யுரேனியம். அதனால் காலிப் பெட்டியும் கணக்கில் வரவேண்டிய பொருள்தான், பழைய இரும்பு அல்ல.

காலையில் பெட்டியைப் பூட்டி வைக்கும் குழியைத் திறந்ததும் பூட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரின் பேட்டரியைச் சோதித்து, பெட்டிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். முள் கொஞ்சம் எழும்ப வேண்டும். எழும்பவே இல்லையா? மீட்டர் செத்திருக்கிறது, இல்லை சோர்ஸ் உள்ளே இல்லை. தினமும் அதே இடத்தில் அளந்து எண்ணை எழுதுங்கள். 74 நாளில் பாதியாகும் பொருள் இது. மெல்ல இறங்க வேண்டிய எண் ஒரே நாளில் விழுந்தால் அன்றைக்கு வேலை கிடையாது.

ஒவ்வொரு ஷாட், அதாவது ஒரு படம் எடுத்து முடிந்ததும், பெட்டியிலிருந்து சோர்ஸ் வெளியே போய்வரும் குழாயின் நுனிவரை மீட்டரோடு நடங்கள். 1999-இல் பெருவின் யனாங்கோவில் கழன்று விழுந்த சோர்ஸை வெல்டர் ஒருவர் என்னவென்று தெரியாமல் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

குழிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். என் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒருமுறை ஆய்வுக்கு வந்தவர் சாவி கேட்டார். நான் எழுந்திருப்பதற்குள் டீ கொண்டுவந்த பையன் எடுத்து நீட்டிவிட்டான்! அன்றிலிருந்து அது என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

வண்டியில் போகும்போது டீக்கடையில் நின்றால் ஒருவர் பெட்டியோடு உட்கார வேண்டும்.

தேய்ந்த சோர்ஸை மூலையில் போட்டு வைக்காதீர்கள். கொடுத்தவரிடமே திருப்பி அனுப்புங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி 2010-இல் ஏலத்தில் மாயாபுரி பழைய இரும்புக் கடைக்குப் போய், ஓர் உயிரைக் குடித்தது.

காணாமல் போனால் மானத்துக்குப் பயந்து அரை நாள் நீங்களே தேடாதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் போலீஸுக்கும் உடனே சொல்லுங்கள். பெட்டியின் படமும் வரிசை எண்ணும் இன்றைக்கே உங்கள் போனில் ஏறட்டும்.