தொட்டில் வாங்கியாயிற்று, மற்ற ஏற்பாடுகள்? பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுச்சோறு விருந்து முடிந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்த கையோடு தொட்டில் வாங்கிவிடுகிறோம். அரைஞாண், கொலுசு, பிரசவ லேகியம் எல்லாம் வந்துவிடுகின்றன. இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது, பீத்துணியை யார் துவைப்பது, மாட்டை யார் பார்ப்பது என்று மட்டும் எந்த வீட்டிலும் பேசுவதில்லை. பிள்ளை பிறந்த வீட்டின் முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

எல்லாவற்றையும் அம்மிச்சி, அதாவது பெற்றவளின் அம்மா, பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். விடியற்காலையில் பால் கறந்து, தோட்டத்து ஆட்களுக்குச் சோறாக்கி, மகளுக்குப் பத்தியம் சமைத்து, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும் அதே பெண்மணிதான் இரவிலும் விழித்திருக்கிறார். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அப்படியென்றால் அந்த வீட்டில் யாரும் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க முடியாது. ஒன்பதாம் மாதத்திலேயே உட்கார்ந்து வேலையைப் பிரித்துவிடுங்கள். மாடு கட்டும் கட்டுத்தரை அப்புச்சிக்கு (பெற்றவளின் அப்பாவுக்கு), துணி துவைப்பது கூலிக்கு ஓர் ஆளுக்கு என்று பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வந்து கறிச்சோறு சாப்பிட்டுப் போவது போதாது. பனியன் கம்பெனியிலும் தறிப்பட்டறையிலும் விடுப்பு கிடைப்பது கடினம்தான். ஆனாலும் வாரத்தில் இரண்டு இரவு தங்கி, பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்ய அவராலும் முடியும்.

காற்றுப் பட்டுவிடும் என்று கடைசி அறையின் சன்னலைச் சாத்தி, சாம்பிராணிப் புகையும் போடுவது அடுத்த தவறு. பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள, கழிவறைக்குப் பக்கத்து அறையை ஒதுக்குங்கள். அறுவைச் சிகிச்சை ஆனவளுக்குத் தரையில் பாய் வேண்டாம், கால் ஊன்றி எழும் உயரத்தில் கட்டில் வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் சொம்பு நிறையத் தண்ணீர், கிழித்துத் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகள், சின்ன விளக்கு ஆகியவை இருந்தால் இரவில் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

பத்தியத்தின் பெயரால் தண்ணீரைக் குறைப்பதைப் போல் கொடுமை வேறில்லை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகமாக இருக்கும், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். அரிசியும் பருப்பும் சாதம், பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழி ரசம் எல்லாம் நல்ல உணவுதான். கீரையையும் காயையும் பழத்தையும் விலக்கத் தேவையில்லை. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாட்கள் தொடர வேண்டும்.

குழந்தைக்குச் சேனை வைப்பது (பிறந்ததும் நாவில் இனிப்பைத் தொட்டு வைப்பது), தேன், சர்க்கரைத் தண்ணீர், தெருவில் கூவி விற்கும் கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம். சீம்பாலில் தொடங்கி 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தொப்புள்கொடியில் மஞ்சளோ திருநீறோ எண்ணெயோ வைக்காதீர்கள், காய்ந்து தானாக விழட்டும்.

ஒறம்பரையை, அதாவது பார்க்க வரும் சொந்தபந்தங்களை, தடுப்பது நம் கொங்குப் பக்கத்தில் எளிதல்ல. வந்தவர்களை ஆசாரத்தில் (வீட்டின் முன்கூடத்தில்) உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்புவதை அப்புச்சியோ மாமனோ ஏற்றுக்கொள்ளட்டும். சளி, இருமல் உள்ளவர்கள் பிள்ளையைத் தூக்கக் கூடாது. “இந்தத் தடவையும் பெண்ணா?” என்று கேட்பவர்களை அறைக்குள்ளேயே விடாதீர்கள். பெற்றவள் காரணமில்லாமல் அழுவது முதல் சில நாட்களில் இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அழுகையோ வெறுமையோ தூக்கமின்மையோ நீடித்தால் அது கொழுப்போ செல்லமோ அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

பிறப்பு பதிவையும் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அங்கேதான் பதிவு. 21 நாட்களுக்குள் கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் பெற்றோர் பெயரையும் இனிஷியலையும் ஆதாரில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

கடைசியாக, ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) இருப்பவர்களுக்கு. ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், கண் மங்கலோடு தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என இவற்றில் எது வந்தாலும் தாயைக் காத்திருக்க வைக்காதீர்கள். பால் குடிக்க மறுத்தல், வேகமான மூச்சு, உடல் சுடுதல் அல்லது சில்லிடுதல், உள்ளங்கை வரை மஞ்சள் ஆகியவை குழந்தைக்கான அபாய அறிகுறிகள். 108-ஐ அழைக்கும்போது பிரதான சாலையிலிருந்து எந்த இட்டேரியில் (வேலிகளுக்கு இடையிலான வண்டிப்பாதையில்) திரும்ப வேண்டும் என்பதை வீட்டில் உள்ள அனைவரும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனைக் கோப்பைப் பீரோவில் பூட்டாமல் கதவருகே ஆணியில் ஒரு பையில் மாட்டிவையுங்கள்.