அங்கன்வாடியைத் தத்தெடுக்கும் கம்பெனிகள் கவனிக்க வேண்டியவை

கம்பெனியின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்) நிதியில் அங்கன்வாடி மையத்தைச் சீரமைத்துப் பராமரிக்கப் போகிறீர்களா? முதலில், கட்டடம் யாருடையது என்று விசாரியுங்கள். மையத்தை நடத்துவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். கட்டடமோ ஊராட்சியுடையதாக இருக்கலாம், மாநகராட்சியுடையதாக இருக்கலாம், வாடகை வீடாகவும் இருக்கலாம். வாடகை வீடென்றால் சுவரில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். இடம் மாறினால் கையோடு எடுத்துப் போகக்கூடிய பொருளாகக் கொடுங்கள். சொந்தக் கட்டடம் என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், கட்டடத்துக்கு உரிய அமைப்பு இரண்டிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒன்று விடுபட்டாலும் வேலை பாதியில் நிற்கும்.

அடுத்தது கணக்கு. பதிவேட்டுப் பெயர்களை விடுங்கள். மூன்று நாள் போய், உண்மையில் வரும் குழந்தைகளின் தலையை எண்ணுங்கள். உதாரணத்துக்கு, சீரமைப்பு 3 லட்சம், 5 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 60,000. பராமரிப்பு 24,000 சேர்த்தால் 84,000. பதிவேட்டின் 20 குழந்தைக்கு வகுத்தால் தலைக்கு 4,200 ரூபாய். வருவது 12 பேர்தான் என்றால் 7,000. அப்போது வண்ணச் சுவரைவிட, குழந்தைகள் ஏன் வருவதில்லை என்பதற்குத்தான் பணம் போக வேண்டும். பெரும்பாலும் தண்ணீர் வராத கழிப்பறை, அல்லது காலியாகக் கிடக்கும் உதவியாளர் பணியிடம். முதலாவதை நீங்கள் சரிசெய்யலாம்; இரண்டாவது அரசு நிரப்ப வேண்டியது, ஒப்பந்தத்திலேயே கேளுங்கள்.

அதிகம் சறுக்குவது பராமரிப்பில்தான். திறப்பு விழா முடிந்த ஆறாம் மாதம் மோட்டார் எரியும், டிவி நிற்கும், பழுதுபார்க்க யாரிடமும் காசு இருக்காது. அதனால் இயக்குநர் குழு ஒப்புதல் தரும்போதே இதைத் தொடர் திட்டமாக, அதாவது ஓராண்டைத் தாண்டி நடக்கும் திட்டமாகப் பதியுங்கள். சி.எஸ்.ஆர் செலவுக்கான விதியைச் சொல்லும் 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 135-இன்படி, தொடர் திட்டத்தில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, 3 நிதியாண்டுக்குள் செலவிடலாம். ஒருமுறைத் திட்டம் என்று எழுதிவிட்டால் மிச்சம், அந்தச் சட்டத்தின் அட்டவணை 7-இல் உள்ள பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒரு நிதிக்குப் போய்விடும். தொண்டு நிறுவனம் வழியாகச் செய்தால் அதற்கு சி.எஸ்.ஆர்-1 பதிவெண் (சி.எஸ்.ஆர் பணிகளைச் செய்ய அரசிடம் பதிந்ததற்கான எண்) இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய பொருள் கம்பெனியின் பெயரில் இருக்கக் கூடாது. மையத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. உடைந்தால் தன் தலையில் விழுமே என்று பணியாளர் விளையாட்டுப் பொருளை பீரோவில் பூட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மரக்கட்டை, பந்து, புதிர் அட்டை எல்லாம் ஓராண்டில் தேய்ந்து தீரும் பொருள் என்று ஒப்படைப்புக் கடிதத்திலேயே எழுதி, திட்ட அலுவலரின் கையெழுத்தும் வாங்குங்கள்.