டர்போவுக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

கோலாலம்பூரில் நம் பையன்கள் டொயோட்டா 86 அல்லது பழைய சில்வியா ஒன்றை வாங்கி வந்தால், முதல் கேள்வியே “டர்போ எப்போது போடலாம்?” என்பதுதான். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இந்த இரண்டும் பின்சக்கரங்களுக்கு இன்ஜின் சக்தி போகும் காடிகள். இப்படிப்பட்ட காடியில் பின் டயர்களுக்கு இரண்டு வேலை. வண்டியைத் தள்ளுவதும் அவைதான், வளைவில் வாலைப் பிடித்து வைப்பதும் அவைதான். முன்சக்கரங்கள் இழுக்கும் மைவி மாதிரி சின்னக் காடி ஓட்டிப் பழகியவர்கள் புது ஜோடியை முன்னால் மாட்டி, தேய்ந்ததைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். சாயங்கால மழையில் ஹைவேயிலிருந்து இறங்கும் சுற்றுப்பாதையில் லேசாக எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) அழுத்தினாலே வால் வழுக்கிப் போய்விடும். பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் இன்னும் மோசம்; பாரம் முன்னுக்குச் சாய்ந்து, பின்பக்கத்துக்கு இருந்த கொஞ்சப் பிடிப்பும் போய்விடும். மழை நாளில், காடி வழுக்காமல் காக்கும் விஎஸ்சி அமைப்பை அணைக்கும் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

பழைய காடி வாங்கும்போது டயரின் பூவை (மேற்புற வெட்டுக்கோடுகளை) மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் காடியைத் தூக்கி உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் காடிகளில் பூ நிறைய இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். அந்தச் செலவை விலையிலேயே பேசிக் கழித்துவிடுங்கள்.

அடுத்து ஸ்பிரிங் வெட்டுவது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. வெட்டிய ஸ்பிரிங்கில் சஸ்பென்ஷன் அசைய இடம் இருக்காது. வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் அது பம்ப் ஸ்டாப் எனும் தடுப்புக் கட்டையில் போய் முட்டும், அந்த நொடியில் டயர் பிடியை விடும். உலு யாம் மலைப்பாதையில், ஈர இலைகளுக்கு மேல், அது நடக்கக் கூடாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நல்ல கோய்லோவர் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த செட்) போட்டு, காடியை அளவாக இறக்குங்கள். அன்றைக்கே அலைன்மெண்ட் செய்யுங்கள். பின்சக்கரங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்து நின்றாலும் நேர்ச்சாலையிலேயே காடி அலைபாயும்.

வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியலை வெல்டு அடித்துப் பூட்டுவது, காடியை வழுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் மைதானத்துக்கு உரியது. ஆபீஸ் போகும் காடிக்கு வேண்டவே வேண்டாம்.

இனி டர்போ. முதல் தலைமுறை 86-இன் எஃப்ஏ20 இன்ஜினில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) 12.5:1, அதாவது ஏற்கெனவே அதிகம். டர்போ இல்லாமல் ஓடுவதற்காகவே அமைத்த இன்ஜின் அது. நம் ஊர் வெயிலில், முறையாக டியூன் செய்யாமல் டர்போவின் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) ஏற்றினால், எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்து கனெக்டிங் ராட் வரை கெடும். அதே காசில் நல்ல டயர், பிரேக் பேட், புது பிரேக் எண்ணெய் வாங்கிக்கொண்டு செப்பாங் பந்தயத் தடத்தில், சொந்தக் காடியை ஓட்ட விடும் ஒரு டிராக் டே போய் வாருங்கள். 5.543 கிலோமீட்டர் சுற்று அது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கடுமையாக பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பழைய பிரேக் எண்ணெய் நிறைய தண்ணீர் குடித்திருக்கும். சூடேறியதும் அது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் அப்போது உதவாது.

காகித வேலையை யாரும் விரும்புவதில்லை. ஆனால் ஹாஃப்கட் (வெட்டி இறக்குமதி செய்த பழைய காடியின் பாதி) இன்ஜின் மாற்றிய சில்வியாவை வாங்கினால் கிராண்டில் (காடியின் பதிவுச் சான்றில்) உள்ள இன்ஜின் நம்பரை இன்ஜினில் அடித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். “பிறகு பார்த்துக்கலாம் தம்பி” என்று விற்பவர் சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவை அவரே சரிசெய்து தரட்டும். மாற்றிய பாகங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கிளைம் மறுக்கப்படலாம். அவர்கள் ஒப்புக்கொண்ட கடிதத்தைப் பாலிசியோடு சேர்த்தே வையுங்கள்.